பகலில் தேடிய வண்டு

ஒரு பூச்சியை "அரிது" என்று கொப்பியில் எழுதிவிடுகிறோம். எத்தனை மணிக்குத் தேடினோம் என்று நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை.

1820இல் லோங் என்பவரின் குழு அமெரிக்காவின் ரொக்கி மலைப் பக்கம் போனது. அதில் இருந்த தோமஸ் சே, 1823இல் ஒரு பெரிய கறுப்புப் புலி வண்டை விவரித்தார். அம்பிளிகைலா என்பது அதன் இன்றைய பேரினப் பெயர். மூன்று சென்றிமீற்றர் நீளம் வரும். முதுகு ஓடுகள் இரண்டும் ஒட்டிப்போனதால் பறக்காது, நடைதான்.

பிறகு ஐம்பது வருடமாக அது மிகக் கொஞ்சமாகவே கிடைத்தது. பெரும்பாலான புலி வண்டுகள் வெயிலில் ஓடுபவை. ஆகவே இதையும் பகலில்தான் தேடினார்கள். (நாங்கள் என்றாலும் அப்படித்தான் தேடியிருப்போம்.)

1870களில் கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரான்சிஸ் ஸ்னோ, பொழுதுபட்டதும் அவை இரை தேடி வெளியே நடப்பதைக் கண்டு, நிறையவே பிடித்தார். பகலில் அவை மண் பொந்துக்குள். மேலே ஆட்கள் நடந்து திரிந்திருக்கிறார்கள்.