உப்பு ஜாடியும் தொட்டில் குழந்தையும்

பெங்களூர் தமிழ் வீடுகள் பலவற்றில் உப்பு ஜாடி இரண்டு இருக்கும். ஒன்று கடையில் வாங்கிய பாக்கெட் தூள் உப்பு. இன்னொன்று ஊரிலிருந்து மூட்டையோடு பஸ் ஏறி வந்த கல் உப்பு. குழம்புக்குக் கல் உப்புதான் ருசி என்பது அம்மாக்கள் கட்சி. இருக்கட்டும். ஆனால் வீட்டில் ஒரு பெண் மாசமாக இருந்தால், இந்த இரண்டு ஜாடிக்கும் நடுவில் ஒரு சரித்திரம் இருக்கிறது மக்களே.

1956-ல் ஹிமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் ஒரு சோதனை ஆரம்பித்தார்கள். பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. சில வருஷங்களில் அயோடின் உப்பு சாப்பிட்ட பகுதிகளில் கழுத்துக் கழலை நன்றாகக் குறைந்தது. 1962-ல் மத்திய அரசின் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது.

அப்போது எல்லோர் கண்ணும் கழுத்தின் மேல்தான். பிறகு உத்தரப் பிரதேசத்தின் கோண்டா, தேவரியா மாவட்டங்களில் டாக்டர் கோச்சுப்பிள்ளை குழுவினர் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்தார்கள். தைராய்டு ஹார்மோன் குறைந்த பிள்ளைகள் ஏராளம். அதாவது நஷ்டம் கழுத்தோடு நிற்கவில்லை, மூளை வரை போயிருந்தது. 1992-ல் திட்டத்தின் பெயரிலேயே 'கழலை' போய் 'அயோடின் குறைபாடு' வந்தது.

காரணம் எளிது. கருவில் பாதிக் காலம் வரை குழந்தை அம்மாவின் ஹார்மோனைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. அதற்குப் பிறகும் அயோடின் அம்மாவிடமிருந்துதான் வரவேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். கர்ப்பிணிக்கு 250 வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் பாடு இன்னும் கஷ்டம். அம்மாவின் சப்ளை பாதியில் அறுந்துவிடுகிறது, சொந்தக் கையிருப்போ சொற்பம். சரி, சொட்டு மருந்தாகக் கொடுத்தால்? பிரிட்டனில் 31 வாரத்துக்கு முன் பிறந்த 1273 குழந்தைகளிடம் அதைச் செய்து பார்த்தார்கள். 2017-ல் வந்த முடிவு: கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் இரண்டு வயதில் வித்தியாசம் இல்லை. அதிகமானாலும் ஆபத்து. அயோடின் கலந்த கிருமிநாசினியை மெல்லிய தோலில் நிறையத் தடவினால் தைராய்டு கொஞ்ச நாள் படுத்துவிடலாம். ஆகவே கைவைத்தியம் வேண்டாம், அது டாக்டர் வேலை.

நம் கையில் இருப்பது அதற்கு முந்தைய ஒன்பது மாத உப்பு. அயோடின் இல்லாத சமையல் உப்பை விற்கக் கூடாது என்ற தடை 2000-ல் நீக்கப்பட்டு, 2006 மே மாதம் மீண்டும் அமலுக்கு வந்தது. பெங்களூரில் எடுத்து 2015-ல் வெளியான ஆய்வில், இங்குள்ள கர்ப்பிணிகளுக்கு அயோடின் போதுமான அளவு கிடைப்பது தெரிந்தது. நல்ல செய்தி. ஆனால் 2018-19 தேசியக் கணக்கெடுப்பில் போதிய அயோடின் உப்பு இருந்த வீடுகள் இந்தியாவில் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9. மாநிலங்களில் நாம்தான் கடைசி! நாட்டுக்கே உப்பு விளைவிக்கும் தூத்துக்குடி நம்முடையது, கொடுமையைப் பாருங்கள்.

ஆகவே கல் உப்பை விரட்ட வேண்டாம். அயோடின் கலந்த கல் உப்பும் பாக்கெட்டில் கிடைக்கிறது. கர்ப்பிணி சாப்பிடும் குழம்பில் அது விழுந்தால் போதும். மூடி போட்ட ஜாடியில், ஈரம் படாமல் வையுங்கள். ஊருக்குப் போன் பேசும்போது அங்கே மாசமாக இருக்கும் தங்கை, மதினியிடமும் ஒரு வார்த்தை கேளுங்களேன்: "எந்த உப்பு போடுறீங்க?"