இரு தகடுகளில் ஒரு படம்

ஒரு படைப்பின் நீளத்தைப் படைப்பாளியே முடிவு செய்கிறான் என்று எண்ணுவது நம் வழக்கம். அந்த முடிவில் படைப்பைத் தாங்கும் பொருளுக்கும் பங்குண்டு என்பதைச் சுவடிகளோடு பழகியவர்கள் அறிவர். ஏட்டின் நீளமும் கட்டின் கனமும் கயிறு கோத்த துளையும் பாட்டைச் சேர்ந்தவை அல்ல. ஆனால் பாட்டு நம் கைக்கு வந்து சேர்ந்த வடிவத்தில் அவற்றின் தடம் இருக்கிறது. திரைப்படத்துக்கும் இது பொருந்தும். இரண்டு விசிடிகளில் வெளிவந்த ஒரு படத்தைக் கணினியில் ஒரே கோப்பாக இணைப்பது சிறியதொரு கைவேலைதான். ஆயினும் அப்படம் ஏன் இரண்டாகப் பிரிந்தது, பிரிந்தவற்றை மனிதர்கள் எவ்வாறெல்லாம் ஒட்டினார்கள் என்று பின்னோக்கிச் சென்றால் நீண்டதொரு வரலாறு விரிகிறது.

படச்சுருளிலிருந்தே தொடங்குவோம். 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள். பேசும்படம் வந்தபின் நொடிக்கு 24 சட்டகங்கள் என்பது நிலைபெற்றது. நிமிடத்துக்கு 90 அடி என்று கணக்கு வரும். 1000 அடிச் சுருள் 11 நிமிடங்களில் தீர்ந்துவிடும். 2000 அடிச் சுருள் 22 நிமிடங்களில். ஆகவே முழுநீளப் படம் எதுவும் ஒற்றைச் சுருளாக அரங்குக்கு வந்ததில்லை. அது எப்போதும் பல துண்டுகளின் தொகுதியே. அத்துண்டுகளை ஒன்றாக்கிக் காட்டியவர் திரைக்கு எதிர்ப்புறம், சிறு அறைக்குள் இருந்த ஆபரேட்டர். இரண்டு புரொஜெக்டர்களை வைத்துக்கொண்டு, ஒன்றில் சுருள் முடியும் வேளையில் மற்றதை ஓடவிடுவார். அவருக்காகப் படத்தின் வலது மேல் மூலையில் சிறு வட்டப் புள்ளி இருமுறை மின்னி மறையும். சுருள் முடிய ஏறக்குறைய 8 நொடிகள் இருக்கையில் வரும் முதற்புள்ளி, அடுத்த புரொஜெக்டரின் மோட்டாரை இயக்கச் சொல்லும். ஒரு நொடி இருக்கையில் வரும் இரண்டாம் புள்ளி, ஒளியை மாற்றச் சொல்லும். வேலை நன்றாக நடந்தால் அப்படியொன்று நடந்ததே பார்வையாளருக்குத் தெரியாது.

இத்தையலை மறைக்கவே ஒரு படம் தன்னை வகுத்துக்கொண்டதும் உண்டு. ஹிட்ச்காக் 1948இல் எடுத்த 'ரோப்', கதை முழுவதும் வெட்டின்றித் தொடர்வதுபோன்ற தோற்றத்தை நாடியது. ஆனால் கேமராவில் ஏற்றக்கூடிய சுருளோ 1000 அடி. எனவே சுமார் 10 நிமிடங்களுக்கு ஒருமுறை கேமரா ஒருவரின் முதுகை நெருங்கும், திரை இருளும், அந்த இருளுக்குள் அடுத்த சுருள் தொடங்கும். எல்லா இணைப்புகளும் இவ்வாறு மறைக்கப்படவும் இல்லை. அரங்கில் 2000 அடிக்கு ஒருமுறை புரொஜெக்டர் மாறியாக வேண்டும் என்பதால், அவ்விடங்களில் வெளிப்படையான வெட்டுகளே இடம்பெற்றன. ஆபரேட்டர் அறையின் கட்டுப்பாடு படத்தின் இலக்கணத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. தமிழ்ப் படங்களுக்கும் சுருள் அளவு விதித்த காலம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போர் நடந்தபோது கச்சா பிலிம் தட்டுப்பாட்டினால் இந்தியப் படங்களின் நீளத்தை 11,000 அடிக்குள் அடக்குமாறு அரசு கட்டளையிட்டது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம்! பாட்டுகளால் நிறைந்து நெடிது ஓடிய படங்கள் அப்போது சுருங்கியதில் கலையின் தேவையைவிடக் கையிருப்பின் தேவையே பெரிது.

விசிடி இவ்வரலாற்றின் அடுத்த படி. இசைக்காக உருவான குறுந்தகடு 1982இல் சந்தைக்கு வந்தது. அதன் அளவு 74 நிமிடங்கள். பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜேவிசி ஆகிய நிறுவனங்கள் 1993இல் வகுத்த விசிடி விதி அதே தகட்டில் படத்தையும் அடைத்தது. எம்பெக்-1 என்னும் சுருக்கமுறையைக் கையாண்டு, இசைத்தகடு ஒரு நொடியில் படிக்கும் தரவின் அளவுக்குள்ளேயே காட்சியையும் ஒலியையும் அடக்கினார்கள். விளைவு, படத்துக்கும் அதே 74 நிமிடங்கள். ஆங்கிலப் படங்கள் பெரும்பாலும் இரண்டு தகடுகளில் அடங்கின. நம் படங்களோ இரண்டே முக்கால் மணி நேரம் ஓடுபவை. இந்தக் கணக்கில் மூன்றாவது தகடும் தேவைப்பட்டது. மேலை நாடுகளில் விசிடி வேர்கொள்ளவில்லை. சீனத்திலும் தென்கிழக்காசியாவிலும் இந்தியாவிலும் அது வீட்டுத் திரையரங்கே ஆகிவிட்டது. 2007இல் மோசர்பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்கத் தொடங்கியபோது, தமிழ்ப் படங்கள் பெட்டிக்கடை வரை வந்து சேர்ந்தன.

தகடு எங்கே பிரிந்தது என்பதில்தான் சுவையும் வருத்தமும் உள்ளன. இந்தியப் படத்துக்கு இடைவேளை என்றொரு மூட்டு இயல்பாகவே உண்டு. கதாசிரியன் அதை எதிர்பார்த்தே ஒரு திருப்பத்தை அங்கே வைக்கிறான். தகடு அந்த மூட்டில் பிரிந்தால் நமக்கு உறுத்துவதில்லை. கொள்ளளவு தீர்ந்த இடத்தில் பிரிந்தாலோ, பாடலின் சரணத்துக்கு நடுவிலும் வசனத்தின் பாதியிலும் படம் நின்றுபோகும். இந்த இரண்டாம் வகைப் பிரிவைப் போக்கும் ஆசைதான் கணினி வாங்கியவர்களை இணைப்பு வேலைக்கு இழுத்தது.

விசிடியைக் கணினியில் திறந்தால் எம்பெக்ஏவி என்னும் உறைக்குள் டேட் என்று முடியும் கோப்பு இருக்கும். தகட்டின் ஒவ்வொரு 2352 பைட்டுத் துண்டிலும் 2324 பைட்டுகளே படத்துக்குரியவை. எஞ்சியவை தகட்டின் நிர்வாகக் குறிப்புகள். அவற்றை நீக்கினால் தூய எம்பெக் கோப்பு கிடைக்கும். எம்பெக்-1இன் அமைப்பு, நடுவில் எங்கு நுழைந்தாலும் அடுத்த முழுச் சட்டகத்தைத் தேடிப் பிடித்துத் தொடரக்கூடியது. ஆகவே இரண்டாம் கோப்பை முதற்கோப்பின் வாலில் அப்படியே ஒட்டினாலும் பெரும்பாலும் ஓடிவிடும். டாஸ் காலத்து 'காப்பி' கட்டளையே இதற்குப் போதுமானதாக இருந்தது. மூட்டுமிடத்தில் நேரக்குறிகள் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்குவதால், சில இயக்கிகள் மட்டும் படத்தின் நீளத்தைத் தவறாகக் காட்டின.

1999க்குப் பின் நிலைமை மாறியது. மைக்ரோசாஃப்டின் எம்பெக்-4 சுருக்கியை உடைத்து உருவாக்கிய டிவ்எக்ஸும், 2001இல் தொடங்கிய எக்ஸ்விட்டும் ஒரு முழுப் படத்தை 700 மெகாபைட் தகடு ஒன்றிலோ இரண்டிலோ அடக்கின. அவை பெரும்பாலும் ஏவிஐ என்னும் உறையில் வந்தன. 1992இல் பிறந்த அவ்வுறை, கோப்பின் தலையில் மொத்த அளவையும் வாலில் பொருளடக்கத்தையும் வைத்திருக்கும். இரண்டு ஏவிஐ கோப்புகளை வெறுமனே ஒட்டினால் இயக்கி முதற்பாதியோடு நின்றுவிடும். இரண்டு நூல்களை ஒரே அட்டைக்குள் கட்டிவிட்டு, பொருளடக்கத்தை மட்டும் முதல் நூலுக்கு உரியதாக விட்டதுபோல.

இங்கேதான் ஏவரி லீ எழுதிய விர்ச்சுவல்டப் என்னும் இலவச மென்பொருள் கைகொடுத்தது. முதற்பாதியைத் திறந்து, இரண்டாம் பாதியைப் பின்னிணைத்து, காட்சியையும் ஒலியையும் 'நேரடி நகல்' முறையில் வைத்துச் சேமித்தால் புதிய பொருளடக்கத்துடன் ஒரே கோப்பு உருவாகும். அது கண்டிப்பான மென்பொருள். இரு பாதிகளின் சட்டக வேகம் இம்மியளவு வேறுபட்டாலும் இணைக்க மறுத்துவிடும். ஒலி காட்சியைவிடச் சற்றே நீண்டிருந்தால் இரண்டாம் பாதி முழுவதும் உதட்டசைவு தவறும். துணைவசனக் கோப்பின் இரண்டாம் பகுதி சுழியத்திலிருந்து தொடங்கும் என்பதால், முதற்பாதியின் நீளத்தை அதன் ஒவ்வொரு வரியோடும் கூட்ட வேண்டும்.

'நேரடி நகல்' என்ற அச்சொல்லில்தான் இக்கட்டுரையின் உயிர் இருக்கிறது. பலர் அதைத் தேர்ந்தெடுக்காமல் படத்தை மறுபடியும் சுருக்கி இணைத்தார்கள். முன்பே 352க்கு 288 புள்ளிகளாகக் குறுகிய விசிடிப் படம், ஒவ்வொரு மறுசுருக்கத்திலும் இன்னும் கொஞ்சம் நுணுக்கத்தை இழக்கும். இழந்ததை மீட்க வழியில்லை. ஏடு பெயர்த்து எழுதுபவன் வரிக்கு வரி தன் பிழையையும் சேர்த்து எழுதுவதற்கு நிகரானது இது. இன்றைய கருவிகள் வேலையை எளிதாக்கிவிட்டன. 2000இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக்கும், ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் உருசியப் பொம்மையின் பெயரால் 2002இல் தோன்றிய மட்ரோஷ்கா உறையும், ஒத்த அமைப்புள்ள பாதிகளைத் தரம் குன்றாமல் சில நிமிடங்களில் இணைத்துவிடும். எளிமை கூடக்கூடக் கவனம் குறைவது மட்டும் மாறவில்லை.

கவனம் ஏன் வேண்டும்? தமிழின் முதற் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இன்று கிடைப்பதில்லை. அதன்பின் வந்த எத்தனையோ படங்களுக்கும் நெகட்டிவ் எஞ்சவில்லை. நல்ல பிரதி அழிந்துபோன படத்துக்கு ஒரு தேய்ந்த விசிடியே சாட்சியாகும் நிலை எளிதில் வரக்கூடியது. அத்தகடுகளும் நிலையானவை அல்ல. வீட்டில் பதிந்த தகட்டின் சாயப்பூச்சு காலப்போக்கில் மங்குகிறது. கீறல் விழுந்தால் கணினி படிக்க மறுக்கிறது. ஆகவே அலமாரியில் கிடக்கும் தகடுகளைக் கோப்பாக்கி வைப்பவர், அறிந்தோ அறியாமலோ, பதிப்பாசிரியரின் இடத்தில் அமர்கிறார்.

அந்த இடத்துக்குரிய நெறியைத் தமிழ் முன்பே கண்டிருக்கிறது. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைக்காத நிலையில், உ.வே.சா. 1904இல் எட்டுப் பத்துகளையே பதிப்பித்தார். இல்லாததை இட்டு நிரப்பவில்லை. படத்தை இணைப்பவருக்கும் இதுவே போதிய வழிகாட்டி. மறுசுருக்கம் செய்யாமல் இணைத்தல். தகட்டின் முடிவில் உள்ள சில நொடிகளைத் தேவையற்றவை என்று நறுக்காதிருத்தல். கெட்டுப்போன காட்சியை வேறு பிரதியிலிருந்து எடுத்துச் சேர்த்தால் அதைக் குறித்து வைத்தல். எந்த வெளியீடு, எத்தனை தகடுகள், எந்த நிமிடத்தில் பிரிந்தது என்று சிறு குறிப்பொன்றைக் கோப்போடு வைத்தல். இரு பாதிகளின் மூலநகலையும் அழிக்காதிருத்தல். நாளை வேறொரு வெளியீடு கிடைத்து, ஒரு பாடல் விடுபட்டது தகட்டின் இடநெருக்கடியாலா, மூலத்திலேயே அது இல்லையா என்று ஆராய நேர்ந்தால், அந்தத் தையலின் இடம்தான் விடை சொல்லும்.

தையல் தெரியாமல் படம் பார்ப்பது பார்வையாளரின் உரிமை. தையல் எங்கிருந்தது என்று எழுதி வைப்பது இணைத்தவரின் கடமை.