மாருதி என்ஜினில் பிறந்த பந்தயக் கார்

எங்கள் ஊர் திருப்பாச்சூரின் பெயரில் இருக்கும் பாசு என்பது மூங்கில். மூங்கில் புதரை வெட்டும்போது வாச்சி பட்டு லிங்கம் வெளிப்பட்டது, அதனாலேயே சுவாமிக்கு வாசீஸ்வரர் என்று பேர் வந்தது என்று திருப்பாச்சூர்த் தலபுராணம் சொல்கிறது. மூங்கிலின் அருமை சாரம் கட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஒரே ஆள் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார். கட்டி முடித்த பிறகு அதன்மேல் பத்துப் பேர் ஏறி நின்று பூசு வேலை செய்வார்கள். எடை குறைவு, பலம் அதிகம். நான் சொல்ல வந்த காரின் கதையும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஊருக்குச் சற்றுத் தள்ளி, கடம்பத்தூர் பக்கம் அதிகத்தூரில் கார் தொழிற்சாலை இருக்கிறது. 1998இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்கே மிட்சுபிஷி லான்சரைச் செய்யத் தொடங்கியது. இன்று அதே இடத்திலிருந்து சிட்ரோயன் கார்கள் வருகின்றன. அதனால் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் கார் பேச்சுக்குப் பஞ்சமில்லை. போன வருஷம் என் அக்கா மகன் கார் புக் பண்ணப் போனபோது நானும் கூடப் போனேன். மேற்கூரை திறக்கும் கண்ணாடி வேண்டுமா, அலாய் வீல் வேண்டுமா, பெரிய திரை வேண்டுமா என்று ஷோரூமில் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொரு ‘வேண்டும்’ சொல்லும்போதும் விலை ஏறியது. எடையும் ஏறியது, அதை யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குக் கோவையில் பந்தயக் கார் செய்த கரிவரதனின் நினைவு வந்தது. அவர் போட்ட பட்டியலில் பெரும்பாலும் ‘வேண்டாம்’தான் இருந்தது.

கரிவரதனுக்கு முன் சோழவரத்தைச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம், செங்குன்றத்தைத் தாண்டி, இன்று எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்குள் இருக்கிறது. போர் முடிந்து விமானங்கள் போன பிறகு அந்த வெறும் தளத்தில் 1950களில் பந்தயம் வந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் அங்கே கார்களையும் பைக்குகளையும் ஓடவிட்டது. கூட்டம் என்றால் சாதாரணக் கூட்டமல்ல, திருவிழாக் கூட்டம். வெயிலில், வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற ஒரு வருஷம், கார் நம்மைத் தாண்டிப் போன பிறகும் சத்தம் வயிற்றுக்குள் அதிர்ந்துகொண்டே இருந்தது.

அங்கே ஓடிய கார்களைப் பார்த்தால் அந்தக் காலத்து இந்தியா தெரியும். ஒரு பக்கம் வெளிநாட்டிலிருந்து தருவித்த பந்தயக் கார்கள். விஜய் மல்லையா ஓட்டிய என்சைன், ஃபார்முலா ஒன்னிலேயே ஓடிய ரகம். இன்னொரு பக்கம் ஃபியட்டையும் ஹெரால்டையும் அறுத்து ஒட்டி, பட்டறைகளில் செய்த ‘ஸ்பெஷல்’கள். இரண்டும் ஒரே தளத்தில் ஓடும்போது யார் கெட்டிக்கார ஓட்டுநர் என்று எப்படிச் சொல்வது? யாரிடம் பணம் அதிகம் என்றுதான் சொல்ல முடியும். இறக்குமதி வரியும் லைசென்சும் இருந்த நிலையில் நல்ல பந்தயக் கார் என்பது செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாக இருந்தது. திறமையுள்ள பையன் மெக்கானிக் ஷெட்டில் பிறந்திருந்தால் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கைதட்ட வேண்டியதுதான்.

சுந்தரம் கரிவரதனே செல்வர் வீட்டுப் பிள்ளைதான். 1954இல் பிறந்தவர், கோவை லட்சுமி மில்ஸ் குடும்பம். அவரே பந்தயம் ஓட்டினார், நண்பர்களுக்கு ‘கரி’. இப்படி ஒருவர் பெரும்பாலும் இன்னும் விலை கூடிய காரைத் தேடிப் போவார். கரி திரும்பி நின்று, அடுத்தவன் ஓட்டுவதற்கு என்ன கார் செய்யலாம் என்று யோசித்தார். அந்த ஒரு திருப்பத்துக்காகவே அவர் மேல் எனக்குத் தீராத மரியாதை உண்டு.

அவர் இருந்த ஊரும் அதற்கு ஏற்ற ஊர். மோட்டார் பம்பும் வார்ப்படமும் லேத்தும் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊர் கோவை. ஜி.டி. நாயுடு 1952இலேயே 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் போகும் கார் ஒன்றைச் செய்து, அரசு லைசென்ஸ் தராததால் நிறுத்தியதாகச் சொல்வார்கள். ‘நாமே செய்துவிடலாம்’ என்பது அங்கே வீறாப்புப் பேச்சல்ல, தினப்படி வழக்கம்.

முதல் கேள்வி என்ஜின். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி, சுமார் 37 குதிரைத்திறன், நாலு கியர். பந்தயக்காரர்கள் கண்ணுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அந்தக் காரின் எடை சுமார் 650 கிலோதான். அம்பாசிடர் 1,100 கிலோவைத் தொடும். அம்பாசிடரில் ஒரு குதிரை ஏறத்தாழ 22 கிலோவை இழுத்தது என்றால் மாருதியில் ஒரு குதிரைக்குச் சுமார் 17.5 கிலோ. அதே 37 குதிரையை 400 கிலோ எடையுள்ள ஒரு கூட்டில் பூட்டிப் பாருங்கள்: ஒரு குதிரைக்கு 11 கிலோகூட வராது. என்ஜினில் கை வைக்காமலே பலத்தைக் கூட்டிவிடுகிறோம். இன்னொன்று, கூட்டிய குதிரைத்திறன் நேர்ச்சாலையில்தான் பயன்படும். குறைத்த எடை பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் பயன்படும். டயர் தேய்வதும் குறையும். கைக்காசு போட்டுப் பந்தயம் ஓட்டுகிறவனுக்கு டயர் செலவு சின்ன விஷயமல்ல.

மாருதியைத் தேர்ந்தெடுத்ததில் இதைவிடப் பெரிய நியாயம் ஒன்று இருந்தது. அந்த என்ஜின் நாடெங்கும் கிடைத்தது. கேஸ்கட் போனால் பக்கத்துத் தெருக் கடையில் வாங்கலாம். திறந்து மூடத் தெரிந்த மெக்கானிக் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார். வெளிநாட்டு என்ஜினில் ஒரு சின்ன ரிங் உடைந்தால் கப்பல் வருவதற்குள் பந்தய சீசனே முடிந்துவிடும்.

இங்கிலாந்தில் காலின் சாப்மன் தொடங்கியதும் இப்படித்தான். 1948இல் அவர் செய்த முதல் கார் ஒரு பழைய ஆஸ்டின் செவனிலிருந்து வந்தது; ஏழை பாழைகள் வாங்கிய, 747 சிசி என்ஜின் போட்ட குட்டிக் கார். அந்த வழியில் வந்ததுதான் 1957இன் லோட்டஸ் செவன். கதவு, கூரை போன்ற சுகங்களை முடிந்த மட்டும் கழித்துவிட்டு, பாகங்களாகவும் விற்றார். அன்று முழு காருக்கு இருந்த கொள்முதல் வரி பாகங்களுக்கு இல்லை. 1973இல் கேட்டரம் கம்பெனி அதை எடுத்துக்கொண்டு இன்றுவரை செய்கிறது. 2021இல் கேட்டரம் 170 என்று ஒன்றை விட்டார்கள்: 440 கிலோ. உள்ளே இருப்பது சுசுகியின் மூன்று சிலிண்டர் என்ஜின். அந்தச் செய்தியைப் படித்தபோது, சுசுகியின் மூன்று சிலிண்டரை வைத்து நம் கோவைக்காரர் முப்பது வருஷத்துக்கு முன்பே செய்து காட்டியது இதுதானே என்று மனசு குதித்தது.

இனி கரியின் தேர்வுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். உட்கார ஒரே இடம். மாருதியில் என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே பொதியாக முன்னால் இருக்கும், முன்சக்கரத்தை ஓட்டும். கரியின் காரில் என்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால் போனது. எடை முழுக்க முன்னால் கவிந்து கிடக்காமல் நடுவுக்கு வந்தது. கதவு இல்லை. கூரை இல்லை. முன்கண்ணாடி இல்லை. ஸ்டெப்னி இல்லை, ஹாரன் இல்லை, விளக்கு இல்லை. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தவர் தொடாத இடம் உயிர்காப்பு. தலைக்கு மேல் நிற்கும் வளையமும் இடுப்பையும் தோளையும் கட்டும் பெல்ட்டும் இல்லாத வண்டியைத் தடத்தில் இறக்கக் கூடாது. அங்கே கிலோக் கணக்குப் பார்க்கிறவன் ஓட்டுநரின் பகைவன்.

உடம்புக்கு ஃபைபர் கிளாஸ். இதில்தான் குறைந்த எண்ணிக்கையில் கார் செய்கிற தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. தகட்டை அழுத்தி உருவம் எடுக்க வேண்டுமென்றால் டைகளுக்கே பெரும் பணம் போய்விடும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டும். ஃபைபர் கிளாஸுக்கு ஒரு அச்சும் பழகிய இரண்டு கையும் போதும். பத்துக் கார் செய்தாலும் கட்டும், ஐம்பது செய்தாலும் கட்டும். உடைந்தால் ஒட்டலாம். அமெரிக்காவில் 1953இல் முதல் கார்வெட் 300 கார்கள் மட்டுமே வந்தபோது அதன் உடம்பும் ஃபைபர் கிளாஸ்தான். அந்த 300லும் ரேடியோவும் ஹீட்டரும் ‘விருப்பத்துக்கு’ என்று விலைப்பட்டியலில் போட்டிருந்தார்கள். ஆனால் 300 காரிலும் இரண்டும் பூட்டியேதான் வந்தன. வண்ணமும் ஒன்றே, வெள்ளை. குறைந்த எண்ணிக்கையில் செய்யும்போது ஆளுக்கொரு மாதிரி செய்து தருவது பெரிய கம்பெனிக்கே முடியாத காரியம்.

அந்த முடியாமையைக் கரி ஒரு கொள்கையாகவே மாற்றினார் என்பது என் கணிப்பு. எல்லாக் காரும் ஒன்று. உனக்கும் அதே என்ஜின், எனக்கும் அதே என்ஜின். கூடப் பணம் இருந்தாலும் கூடப் பலம் வாங்க முடியாது. ஓட்டுகிறவனுக்கு மிச்சம் இருப்பது பிரேக்கை எங்கே மிதிப்பது, வளைவில் எந்தக் கோட்டைப் பிடிப்பது, எப்போது பொறுப்பது என்பவைதான். யார் கெட்டிக்கார ஓட்டுநர் என்ற கேள்விக்குச் சோழவரத்தில் கிடைக்காத பதில் இங்கே கிடைத்தது.

1980களின் இறுதியில் அந்தக் கார் தடத்துக்கு வந்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஃபிஸ்மி’ என்றார்கள்: மாருதி என்ஜின் போட்ட, ஒருவர் ஓட்டும் இந்திய ஃபார்முலா. மக்கள் வாயில் ஃபார்முலா மாருதி. அதே சமயத்தில் மெட்ராஸ் கிளப்புக்கும் சொந்தத் தடம் கிடைத்தது. 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் பாதை திறந்தது. சோழவரத்து வைக்கோல் கட்டுக் காலம் முடிந்தது. காரும் பாதையும் ஒன்றாக வந்து சேர்ந்தது நம் பிள்ளைகளின் நல்ல நேரம். அதற்கு முன் இந்தக் கலையைக் கற்க இங்கிலாந்துக்குப் போக வேண்டும். இப்போது கோவையிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் போதும்.

கரி 1995 ஆகஸ்ட் 24 அன்று விமான விபத்தில் இறந்தார். வயது 41. ஆனால் வண்டி நிற்கவில்லை. அவர் பேரில் 2003இல் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறந்தது. அவர் போட்ட வழியிலேயே, இங்கே ஓடும் காரின் என்ஜினை வைத்து, ஃபார்முலா எல்.ஜி.பி. கார்கள் கோவையில் உருவாயின. இன்று பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே செய்த கார்களைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கும் ஃபார்முலா பாரத் போட்டி அந்த ஸ்பீட்வேயில்தான் நடந்து வருகிறது. எங்கள் திருவள்ளூர்ப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். என்ஜின் வாங்குமுன் தராசு வாங்குங்கள். காரில் பூட்டும் ஒவ்வொரு பொருளையும் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். எழுத எழுத, எது வேண்டாம் என்று நோட்டே சொல்லும்.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இதுவரை ஓடிய இந்தியர் இரண்டே பேர். இருவருமே ஃபார்முலா மாருதியில் கைப்பழகியவர்கள். ஒருவர் சென்னைக் கருண் சந்தோக். மற்றவர் கோவை நாராயண் கார்த்திகேயன். இருங்காட்டுக்கோட்டையில் ஃபார்முலா மாருதி ஓட்டிய முதல் பந்தயத்திலேயே முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவர். 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். டயர் பிரச்சினையால் மிச்செலின் டயர் போட்ட கார்களெல்லாம் விலகிக்கொள்ள, ஆறு கார்கள்தான் ஓடின. ஜோர்டான் காரில் நாராயண் நாலாவதாக வந்தார். ஃபார்முலா ஒன்னில் ஒரு இந்தியர் பெற்ற புள்ளிகள் அந்த 5 மட்டுமே. கரி இறந்து பத்து வருஷம் நிறைய அப்போது இரண்டு மாதம் இருந்தது.