ஒரு ஷில்லிங் வெட்டு

1931 ஜூலை 31. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கோடை விடுமுறைக்குக் கலைகிற நேரம் பார்த்து ஓர் அரசாங்க அறிக்கை வெளிவந்தது. அதை எழுதிய குழுவின் தலைவர் சர் ஜார்ஜ் மே, புருடென்ஷியல் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நெடுங்காலம் இருந்தவர். நாட்டின் வரவு செலவில் 12 கோடி பவுண்டு துண்டு விழப்போகிறது என்றது அறிக்கை. அதில் 9 கோடியே 65 லட்சத்தைச் செலவை வெட்டியே சரிக்கட்ட வேண்டும் என்றும், அந்த வெட்டிலும் 6 கோடியே 65 லட்சம் வேலையில்லாதவர்களுக்குக் கொடுக்கும் உதவியிலிருந்தே வர வேண்டும் என்றும் சொன்னது.

சென்ற வாரம் 1926 பொது வேலைநிறுத்தம் தோற்ற இடத்தில் நிறுத்தியிருந்தோம். சுரங்கத் தொழிலாளிகள் குறைந்த கூலிக்கு மீண்டும் குழிக்குள் இறங்கினார்கள். அதற்கு விதை போட்டது முந்தைய ஆண்டு சர்ச்சில் எடுத்த முடிவு. 1925 ஏப்ரலில் நிதியமைச்சராக இருந்த அவர், முதல் உலகப் போருக்கு முந்தைய பழைய விலையிலேயே, அதாவது ஒரு பவுண்டுக்கு 4.86 டாலர் என்ற கணக்கில், பவுண்டைத் தங்கத்தோடு கட்டினார். சந்தை மதிப்பைவிட அது ஏறக்குறைய பத்து விழுக்காடு உயரம் என்று பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் அப்போதே எழுதினார். பவுண்டு உயர்ந்தால் பிரிட்டிஷ் நிலக்கரி வெளிநாட்டில் விலையேறும். விற்க வேண்டுமானால் விலையைக் குறைக்க வேண்டும். விலை குறைய கூலி குறைய வேண்டும். தங்க விலையை மாற்றக் கூடாது என்று முடிவெடுத்த அன்றே, வேறு எது மாற வேண்டும் என்பதும் முடிவாகிவிட்டது.

இந்த வாரக் கதை அந்தக் கணக்கின் இரண்டாம் தவணை.

1929 மேயில் தொழிற்கட்சி அதிக இடங்களைப் பிடித்து, பெரும்பான்மை இல்லாமலே ஆட்சிக்கு வந்தது. பிரதமர் ராம்சே மெக்டொனால்ட், ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணை வேலைக்காரியின் மகன். நிதியமைச்சர் பிலிப் ஸ்னோடன், யார்க்ஷயர் நெசவாளி வீட்டுப் பிள்ளை; முதுகெலும்பு நோயால் கைத்தடிகளை ஊன்றி நடப்பவர். ஏழைகளுக்காக வாழ்நாள் முழுவதும் பேசிய இந்த மனிதர், கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் விக்டோரியா காலத்து லிபரலாக மாறிவிடுவார். கடன் பாவம், தங்கம் புனிதம். அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அவர்கள் பதவியேற்றபோது 11 லட்சத்துக்குச் சற்று மேல் இருந்த வேலையில்லாதோர் எண்ணிக்கை, 1930 கடைசியில் 25 லட்சமாயிற்று.

வேலை ஏன் இல்லை? இதற்கு அன்று லண்டனில் இரண்டு பதில்கள் மோதிக்கொண்டிருந்தன.

முதல் பதில்: கூலி அதிகம். பொருள்களின் விலை எல்லாம் சரிகிறது, கூலி மட்டும் இறங்க மறுக்கிறது. தொழிற்சங்கங்கள் ஒரு காரணம், உதவித்தொகை இன்னொரு காரணம். சும்மா இருந்தாலே வாரம் 17 ஷில்லிங் கிடைக்குமென்றால் குறைந்த கூலிக்கு யார் போவார்? பிரெஞ்சு நிதித்துறைக்காரரான ழாக் ருயெஃப் பிரிட்டனின் கூலியையும் விலையையும் வேலையின்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நிரந்தர வேலையின்மைக்குக் காரணமே வேலையின்மைக் காப்பீடுதான் என்று 1931-ல் எழுதினார். இதை ஒரு பணக்காரப் பேச்சு என்று ஒதுக்க முடியாது. 1929-க்கும் 1933-க்கும் இடையில் பிரிட்டனில் வாழ்க்கைச் செலவு ஏறக்குறைய 15 விழுக்காடு இறங்கியது. கூலி சில விழுக்காடுதான் இறங்கியது. அதாவது, மந்தத்தின் நடுவிலும் வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தவரின் வீட்டில் சாப்பாடு முன்னைவிட நன்றாகவே இருந்தது. மே குழுவும் இந்த வாதத்தைத்தான் பிடித்துக்கொண்டது: விலை இறங்கிவிட்டதால் சம்பளத்தையும் உதவியையும் குறைப்பது உண்மையில் குறைப்பே ஆகாது.

இரண்டாவது பதில் கெய்ன்ஸ் தரப்பினுடையது. கூலி முதலாளிக்குச் செலவு. ஆனால் அதே கூலிதான் கடைக்காரருக்கு வரவு. ஒரு ஆலை கூலியைக் குறைத்தால் அந்த ஆலை பிழைக்கலாம். எல்லா ஆலைகளும் குறைத்தால் துணியை வாங்குவது யார்? 1931 ஜனவரியில் பி.பி.சி. வானொலியில் அவர் இல்லத்தரசிகளைக் கூப்பிட்டு, நீங்கள் ஐந்து ஷில்லிங் மிச்சம் பிடிக்கும்போதெல்லாம் ஒரு ஆளின் ஒரு நாள் வேலையைப் பறிக்கிறீர்கள், போய்க் கடையில் வாங்குங்கள் என்ற பொருளில் பேசினார். சிக்கனமே அறம் என்று வளர்ந்த நாட்டில் இது எப்படிக் கேட்டிருக்கும்! அந்த ஜூனில் அவருடைய இளைய சகா ரிச்சர்ட் கான், ஒரு பொதுப்பணியில் ஒருவருக்குக் கிடைக்கும் வேலை வேறு எத்தனை பேருக்கு வேலையாகப் பெருகும் என்று கணக்கிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அரசு செலவு ஒரு பக்கம் கூடினால் தனியார் முதலீடு மறுபக்கம் அதே அளவு குறையும் என்று சொல்லி வந்த நிதித்துறைக்கு எதிரான முதல் ஒழுங்கான கணக்கு அது.

கெய்ன்ஸை முழுக்க நாயகனாக்கிவிட வேண்டாம். நிதி, தொழில் பற்றி ஆராய்ந்த மெக்மில்லன் குழுவில் அவர் உறுப்பினர். 1930 பிப்ரவரியில் அந்தக் குழுவின் முன் அவர் அடுக்கிய வைத்தியங்களில் கூலிக் குறைப்பும் ஒன்று. ஆனால் அதைத் தொழில் தொழிலாகச் சண்டை போட்டுக் குறைக்க முடியாது. கூலி, சம்பளம், வாடகை, விலை எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே அளவில் இறக்கும் தேசிய ஒப்பந்தம் வேண்டும் என்றார். நல்ல யோசனை, நடக்காத யோசனை. தங்கத்தை விட்டுவிடலாம் என்று 1931 கோடை வரை அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அதே குழுவில், பவுண்டின் தங்க மதிப்பை விட்டுவிடுவதைப் பற்றியும் யோசிக்க வேண்டும் என்று தனிக்குறிப்பு எழுதியவர்களில் ஒருவர் எர்னஸ்ட் பெவின். பதினோரு வயதில் பள்ளியை விட்டவர், லாரி ஓட்டுநர்களையும் துறைமுகத் தொழிலாளிகளையும் ஒரே சங்கமாகத் திரட்டியவர். மூட்டை தூக்குகிறவனின் கூலி எதனால் குறைகிறது என்று தேடிப் போனவருக்குத் தங்கம் கண்ணில் பட்டது. பொருளாதாரம் படித்தவர்களுக்கு அது தெரிய இன்னும் சில மாதங்கள் ஆயின.

மே அறிக்கைக்கு வருவோம். அந்த 12 கோடி எப்படி வந்தது? பழைய கடனை அடைக்க ஒதுக்கும் சுமார் 5 கோடியும், வேலையின்மை நிதிக்காக வாங்கிய கடனும் அதற்குள்ளேயே அடக்கம். மந்த காலத்தில் கடனை அடைக்காமல் ஓர் ஆண்டு தள்ளிப்போட்டாலே பள்ளத்தில் கணிசமான பகுதி தூர்ந்திருக்கும். தொழிற்கட்சி பரிந்துரைத்த இரு உறுப்பினர்கள் அறிக்கையில் சேராமல், சுமையை வசதியுள்ளவர்கள்மேல் வரியாகப் போடலாம் என்று தனியே எழுதினார்கள். அதை யாரும் படிக்கவில்லை. ஐரோப்பா அப்போது எரிந்துகொண்டிருந்தது. மே மாதம் வியன்னாவில் கிரெடிட்ஆன்ஸ்டால்ட் வங்கி விழுந்தது, ஜூலையில் ஜெர்மன் வங்கிகள் கதவடைத்தன. லண்டனில் பணம் போட்டிருந்த வெளிநாட்டார் மே அறிக்கையைப் படித்துவிட்டு, இந்த அரசே திவாலாகப் போகிறது என்று பணத்தை உருவத் தொடங்கினார்கள். அறிக்கை நோயைக் கண்டுபிடித்ததா, நோயை உண்டாக்கியதா என்பது இன்றும் தீராத விவாதம். இரண்டும்தான் என்பது என் எண்ணம்.

பவுண்டைக் காக்க நியூயார்க்கிலும் பாரிஸிலும் கடன் கேட்க வேண்டியிருந்தது. பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் கவர்னர் மான்டேகு நார்மன் உடல்நலம் குலைந்து கனடாவுக்குப் போய்விட்டார். அமைச்சரவை வெட்டுப் பட்டியலோடு மல்லுக்கு நின்றது. ஆகஸ்ட் 20-ல் பெவினும் வால்டர் சிட்ரினும் தொழிற்சங்கக் காங்கிரஸின் பதிலைச் சொன்னார்கள்: உதவித்தொகையில் கை வைக்காதே. விலை இறங்கியதால் கூலிக்காரன் மட்டும் லாபம் அடையவில்லை; போர்க் கடன் பத்திரத்துக்கு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வட்டி வாங்குகிறவனும் அடைந்திருக்கிறான், அவனிடமும் கேள். நியாயமான கேள்வி. ஸ்னோடன் காதில் விழவில்லை.

ஆகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை இரவு. டவுனிங் தெருத் தோட்டத்தில் அமைச்சர்கள் நியூயார்க்கிலிருந்து வரும் தந்திக்காகக் காத்திருந்தார்கள். மார்கன் வங்கியின் பதில் ஒன்பது மணிவாக்கில் வந்தது. அரசின் சிக்கனத் திட்டத்துக்கு பேங்க் ஆஃப் இங்கிலாந்தின், லண்டன் நிதியுலகின் மனமார்ந்த ஆதரவு உண்டா என்று அது கேட்டது. மெக்டொனால்ட் வாசித்துக் காட்டினார். உதவித்தொகையில் பத்து விழுக்காடு வெட்டுவதா என்பதில் பதினொரு பேர் சரி என்றார்கள், ஒன்பது பேர் முடியாது என்றார்கள். அத்தோடு அரசு போயிற்று. மறுநாள், மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வற்புறுத்தலில், அதே மெக்டொனால்ட் கன்சர்வேடிவ்களோடும் லிபரல்களோடும் சேர்ந்து ‘தேசிய அரசு’க்குப் பிரதமரானார். வங்கிக்காரர்களின் சூழ்ச்சி என்று தொழிற்கட்சிப் பத்திரிகை எழுதியது. சூழ்ச்சி எதற்கு? பவுண்டைப் பழைய விலையில் வைத்திருக்கக் கடன் வேண்டும் என்றால், கடன் கொடுப்பவன் கேள்வி கேட்பான்.

செப்டம்பர் 10-ல் ஸ்னோடனின் அவசர பட்ஜெட். வருமான வரி பவுண்டுக்கு நாலரை ஷில்லிங்கிலிருந்து ஐந்து ஷில்லிங்காயிற்று. பீர், புகையிலை, பெட்ரோலுக்கும் வரி ஏறியது. வேலையில்லாத ஆணின் 17 ஷில்லிங் 15 ஷில்லிங் 3 பென்ஸாகக் குறைந்தது. ஆசிரியர்களுக்கு 15 விழுக்காடு வெட்டு.

கடற்படையில் நடந்ததுதான் விபரீதம். 1925-க்கு முன் சேர்ந்த மாலுமிக்கு நாளொன்றுக்கு 4 ஷில்லிங். பிறகு சேர்ந்தவருக்கு 3. இப்போது எல்லோருக்கும் 3 என்றார்கள். காகிதத்தில் அது வெறும் ‘சீரமைப்பு’. மாலுமிக்கு அது நாலில் ஒரு பங்கு. அதிகாரிகளுக்கான வெட்டு இதில் பாதிகூட இல்லை. ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டனில் நங்கூரமிட்டிருந்த அட்லான்டிக் கப்பற்படையினர் இதைத் தங்கள் மேலதிகாரிகளிடமிருந்து அறியவில்லை. பத்திரிகையிலும் வானொலியிலும் தெரிந்துகொண்டார்கள். தவணையில் மேசை நாற்காலி வாங்கி வாடகை வீட்டில் இருக்கும் மனைவிமார்களை நினைத்து அவர்கள் கொதித்தார்கள். செப்டம்பர் 15 காலை, பயிற்சிக்குக் கப்பலைக் கிளப்பச் சொன்ன உத்தரவுக்கு ரோட்னி, வேலியன்ட், நெல்சன், ஹூட் கப்பல்களின் ஆட்கள் பணியவில்லை. அடிதடி இல்லை, துப்பாக்கி இல்லை. முன்தளத்தில் கூடி நின்று ஒரு கப்பலிலிருந்து அடுத்த கப்பலுக்கு ஆரவாரக் குரல் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட 12,000 பேர், இரண்டு நாள்.

அரசு இறங்கி வந்தது. வெட்டு பத்து விழுக்காட்டைத் தாண்டாது என்றது. ஆசிரியர்களுக்கும் பத்தாகவே குறைந்தது. ஆனால் ‘பிரிட்டிஷ் கடற்படையில் கலகம்’ என்ற செய்தி உலகச் சந்தைகளுக்குப் போய்விட்டது. ஜூலை நடுவிலிருந்து 20 கோடி பவுண்டுக்கு மேல் வெளியேறியிருந்தது. செப்டம்பர் 21, திங்கட்கிழமை, பிரிட்டன் தங்கத்தை விட்டது. பவுண்டைக் காப்பதற்காக மாலுமியிடம் எடுக்கப் பார்த்த அந்த ஒரு ஷில்லிங்தான் பவுண்டை முடித்துவைத்தது.

வானம் இடிந்து விழவில்லை. ஆண்டு முடிவதற்குள் பவுண்டு 3.40 டாலர் அருகே இறங்கியது. ஆனால் வீட்டில் ரொட்டி விலை எகிறவில்லை. இப்படிச் செய்யலாம் என்று நம்மிடம் யாருமே சொல்லவில்லையே என்று முன்னாள் அமைச்சர் சிட்னி வெப் அங்கலாய்த்ததாக ஒரு பேச்சு உண்டு. பெவின் அதைச் சொல்லிச் சில மாதங்களே ஆகியிருந்தன.

இந்த நாட்களில்தான் காந்தி லண்டனில் இருந்தார். வட்டமேசை மாநாட்டுக்காக செப்டம்பர் 12-ல் வந்து இறங்கியவர், மாதக் கடைசியில் லங்காஷயருக்குப் போய், இந்தியாவின் அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலையிழந்த நெசவாலைத் தொழிலாளிகளைப் பார்த்தார். அவர்கள் அன்போடு வரவேற்றார்கள். உங்களில் முப்பது லட்சம் பேருக்கு வேலையில்லை, எங்களில் முப்பது கோடிப் பேருக்கு ஆண்டில் பாதி நாள் வேலையில்லை என்று அவர் கணக்குச் சொன்னார். கணக்கு இன்னொரு வழியிலும் இந்தியாவுக்கு வந்தது. ரூபாயைப் பவுண்டோடு கட்டியதால் இங்கே தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது; விளைச்சல் விலை விழுந்து கடனில் கிடந்த குடியானவர்கள் நகைகளை விற்றார்கள். அந்தத் தங்கம் பம்பாய் வழியாக லண்டனுக்குப் போய் பவுண்டுக்கு முட்டுக் கொடுத்தது. இந்திய அரசு ஊழியர்களின் சம்பளத்திலும் பத்து விழுக்காடு வெட்டு விழுந்தது.

அக்டோபர் 27 தேர்தலில் தேசிய அரசுக்கு 554 இடங்கள், தொழிற்கட்சிக்கு 52. வெட்டியவர்களுக்கே மக்கள் ஓட்டுப் போட்டார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. வெட்டு வேலை கொடுத்ததா என்பது வேறு கேள்வி. வேலையில்லாதோர் எண்ணிக்கை 1933 ஜனவரியில் 30 லட்சத்தைத் தொட்டது. அதன் பிறகே இறங்கியது. தங்கத்தைக் காக்க வேண்டிய கட்டாயம் போனதால் பேங்க் ஆஃப் இங்கிலாந்து 6 விழுக்காட்டிலிருந்த வட்டியை 1932 ஜூனில் 2 ஆக்க முடிந்தது. 200 கோடி பவுண்டுக்கு மேலான போர்க் கடனின் வட்டி ஐந்திலிருந்து மூன்றரையாயிற்று. சங்கக்காரர்கள் வரியாகக் கேட்டபோது நடக்காதது, தேசபக்தி என்ற பெயரில் நடந்தது. மலிந்த கடனில் தெற்கு இங்கிலாந்தில் வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. செங்கல்லும் கொத்தனாரும் முதலில் பிழைத்தார்கள். பட்ஜெட்டைச் சமன் செய்ததால்தான் வட்டியைக் குறைக்கும் நம்பிக்கை பிறந்தது என்பது வெட்டுக்காரர்களின் வாதம். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அதே நம்பிக்கைக்காக ஆகஸ்டில் வெட்டுக்காக மல்லுக்கு நின்றும் செப்டம்பரில் வெட்டியும், தங்கம் இருந்தவரை ஒரு பைசா வட்டி குறையவில்லை.

கூலியையும் விலையையும் வாடகையையும் வட்டியையும் ஒரே நாளில் இறக்குவது என்ற கெய்ன்ஸின் நடக்காத யோசனையை ஒரு நாடு உண்மையிலேயே செய்து பார்த்தது. 1931 டிசம்பர் 8-ல் ஜெர்மன் சான்சலர் ஹைன்ரிக் ப்ரூனிங், அவசரச் சட்டத்தால் கூலியை 1927 ஜனவரி நிலைக்குக் கொண்டுபோனார். இரண்டு மாதம் கழித்து அங்கே வேலையில்லாதவர்கள் 60 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். போர் நஷ்டஈடும் நொடித்த வங்கிகளும் அந்தக் கதையில் உண்டு. அதை அடுத்த வாரம் பெர்லினிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)