வேகச் சீராக்கி: நீராவிப் பொறியிலிருந்து உழவு இயந்திரத்துக்கு

உழவு இயந்திரத்தின் வரலாற்றை எழுதுவோர் அதன் குதிரைவலுவையும் அது இழுத்த கலப்பையையும் பற்றி விரிவாகக் கூறுவர். எஞ்சினுள்ளே சுழலும் சிறு குண்டுகளைப் பற்றிக் கூறுவோர் அரியர். சுமை கூடினும் குறையினும் எஞ்சினின் வேகம் பெரிதும் மாறாது காப்பது அக்குண்டுகளே. கவர்னர் எனப்படும் இவ்வேகச் சீராக்கி வயலுக்கென ஆக்கப்பட்டதன்று. மாவரைக்கும் ஆலைகளில் திரிகைக் கற்களின் இடைவெளியைச் சரிசெய்த அமைப்பையே ஜேம்ஸ் வாற் 1788இல் தமது நீராவிப் பொறிக்கு ஏற்றவாறு மாற்றினார். வேகம் மிகும்போது குண்டுகள் அகன்று நீராவி வாயிலை ஒடுக்கும். குறையும்போது அவை தாழ, வாயில் விரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொறிகள் மேலும் செப்பமாக ஆக்கப்பட்டன; உராய்வு குறைந்தது. இனிச் சீராக்கி செம்மையாக இயங்கும் என எவரும் எண்ணியிருப்பர். நிகழ்ந்ததோ வேறு. வேகம் ஒரு நிலையில் நில்லாது ஏறுவதும் இறங்குவதுமாக அலைந்தது. இவ்வலைவை மாக்ஸ்வெல் 1868இல் சமன்பாடுகளால் ஆராய்ந்தார். பின்னாளில் ருசியாவின் நிதியமைச்சராகிய விஷ்நெகிராட்ஸ்கி, 1876இல், ஓரளவு உராய்வின்றிச் சீராக்கி நிலைகொள்ளாது என்று காட்டினார். விரைந்து செயற்படுதலும் அமைதியாக நிற்றலும் ஒன்றையொன்று இழுக்கும் பண்புகள் என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

1917இல் ஹென்றி போட் வெளியிட்ட போட்சன் உழவு இயந்திரத்தில் சீராக்கியே இருக்கவில்லை. 1922இல் அதன் விலை 395 டொலராகக் குறைக்கப்பட்டது. மலிவுக்கான விலையை உழவனே வேறு வழியிற் செலுத்தினான் எனலாம். உழும்போது சுமை பெரிதும் மாறாது. ஆதலால் குறை அவ்வளவாகத் தோன்றாது. வார்ப்பட்டி பூட்டிச் சூடடிக்கும் இயந்திரத்தைச் சுழற்றும்போது நிலைமை வேறு. உருளை மெதுவாகச் சுழன்றால் தானியம் வைக்கோலோடு போகும். விரைந்து சுழன்றால் மணி உடையும். எனவே கலவை வாயிலருகே ஒருவன் நின்று கையாற் சீராக்க வேண்டியிருந்தது. வேறு உற்பத்தியாளர்கள் சீராக்கியைத் தனியே செய்து விற்றமை வியப்பன்று.

பழைய உழவு இயந்திரங்களைப் பேணுவோர் இன்று அதே சிக்கலை மீண்டும் சந்திக்கின்றனர். சுமை விழுந்து வெகுநேரத்தின் பின்னரே எஞ்சின் விழித்துக்கொள்கிறது. பலர் உடனே வில்லை இறுக்குவர். அதனால் ஓட்ட வேகம் உயருமேயன்றி மந்தம் நீங்காது. குற்றம் பெரும்பாலும் தேய்ந்த மூட்டுகளிலேயே உள்ளது. குண்டு அசைந்தும் கோல் அசையாது. அசையும்போதோ மிகுதியாக அசையும். விஷ்நெகிராட்ஸ்கி வேண்டிய உராய்வு இதுவன்று. அது இயக்கத்தை மெல்லத் தணிப்பது, இது பிடித்துவைத்துத் திடீரென விடுவது. மூட்டுகளைப் புதுக்கி, எஞ்சின் நின்றிருக்கையில் வேகநெம்பை முழுதும் தள்ளினால் கலவை வாயில் முற்றாகத் திறக்குமாறு கோலின் நீளத்தை அமைப்பதே முதல் வேலை. வில்லைத் தொடுவது அதன் பின்னரே. அவ்வாறு அமைந்த எஞ்சினில், கதிர்க்கட்டு உருளையுள் விழும் கணத்திலேயே புகைக்குழாயின் ஒலி கனக்கும். வார்ப்பட்டியின் வேகம் மாறியது கண்ணுக்குத் தெரியாது.