இரங்கலிலிருந்து இன்பத்திற்கு: தோட்டத் தமிழரும் கடற்கரை ஓய்வும்

கணவனும் மனைவியும் வேலையை மறந்து இரண்டு நாள் கடற்கரையில் தங்கி வருவது இன்று வியப்புக்குரிய செய்தியன்று. காலையில் ரவாங்கை விட்டுப் புறப்படும் இணையர், 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலை வழியாக ஈஜோக்கைக் கடந்து, நண்பகலுக்கு முன்னரே கோல சிலாங்கூரை அடைந்துவிடுவர். மாலையில் புக்கிட் மலாவத்திக் குன்றின்மேல் நின்று, கதிரவன் மலாக்கா நீரிணைக்கு அப்பால் மறைவதைக் காண்பர். இரவில் கம்போங் குவாந்தானில் படகேறி, ஆற்றோர மரங்களில் மின்மினிகள் ஒருங்கே ஒளிர்ந்து ஒருங்கே அணையும் காட்சியில் மெய்ம்மறப்பர். இத்துணை எளிதாகிவிட்ட பயணத்திற்குப் பின்னால் நீண்ட வரலாறு ஒன்று உண்டு. அது சாலைகளின் வரலாறு மட்டுமன்று. உழைப்பவர் தம் நாள்களுள் சிலவற்றைத் தமக்கென வைத்துக்கொள்ளும் உரிமையைப் பெற்ற வரலாறும் ஆகும்.

இணையர் கடற்கரைக்குச் செல்லுதல் தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. இந்திரவிழா முடிந்தபின் கோவலன் அத்திரியின்மீதும் மாதவி வையத்திலும் ஏறிப் புகார்க் கடற்கரையைச் சேர்ந்ததையும், புன்னை நிழலில் ஓவியத் திரை சூழ, மேலே விதானம் கட்டிய இடத்தில் அமர்ந்ததையும் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை கூறுகிறது. ஆயினும் இரண்டு செய்திகளை நாம் மறத்தலாகாது. ஒன்று, கோவலன் பெருவணிகன் மகன். ஓய்வு அவனுக்குச் செல்வத்தோடு வந்தது. மற்றொன்று, அக்கடற்கரை இன்பம் கானல்வரிப் பாடல்களால் எழுந்த ஐயத்தில் முறிந்து, பிரிவில் முடிந்தது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று நம் இலக்கணம் வகுத்திருப்பதும் எண்ணத்தக்கது.

மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்க்குக் கடல் முதலில் இரங்கலின் இடமாகவே இருந்தது. 1901ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டுமுதல் அதன் பெயர் போர்ட் கிள்ளான். 1907ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதி, தோட்டங்களுக்கு ஆள் கொணரும் செலவை ஏற்றது. கங்காணிமார் ஊர் ஊராகச் சென்று ஆள் திரட்டினர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள், கரை சேர்ந்தபின் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் தங்கிய பிறகே தோட்டத்துக்கு அனுப்பப்பட்டனர். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்டுப் பல்லாண்டு ஓடிய ரஜூலாக் கப்பலின் பெயரை முதியோர் பலர் இன்றும் மறந்திலர். பெற்றோரை, உடன்பிறந்தாரை, சிலபோது மனைவியையே அக்கரையில் விட்டு வந்தவர்க்குக் கடல் எங்ஙனம் களிப்பிடமாகும்?

அவர்கள் பணியாற்றிய தோட்டங்கள் பல கடலுக்கு அண்மையிலேயே இருந்தன. பத்தாங் பெர்ஜுந்தாய் என்று வழங்கி, 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊரின் அருகே தென்னமரம் தோட்டம் உள்ளது. பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் அத்தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனை நடவு நிகழ்ந்தது. அதனைச் செய்த ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர், மலாயாத் தோட்ட வாழ்வைப் பின்னணியாகக் கொண்டு எழுதிய புதினத்திற்காக 1930ஆம் ஆண்டில் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றார். எழுதவும் சிந்திக்கவும் துரைக்கு நேரம் இருந்தது. லயத்தில் இருந்தவர்க்கோ விடியுமுன் பெரட்டு, அதன்பின் பால்வெட்டு, பின்னர்ப் பால் சேகரிப்பு என்று நாள் ஓடிற்று. பெண்ணின் நாள் இன்னும் முன்னதாகத் தொடங்கிற்று. சமைத்து, குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, அவளும் பெரட்டுக்கு வந்து நின்றாள். அவள் கூலியோ ஆடவன் கூலியினும் குறைவாகவே வகுக்கப்பட்டிருந்தது. நாட்கூலி வாங்குவோர்க்கு வேலைக்கு வாராத நாள் கூலியில்லா நாள். நெருக்கமான லயங்களில் கணவனும் மனைவியும் தனித்து உரையாடுவதற்கே இடம் அரிதாயிருந்தது.

அதே காலத்தில் ஓய்வுக்கென்றே இடங்கள் உருவாயின. வட சிலாங்கூரிலிருந்து எட்டும் தொலைவிலுள்ள பிரேசர் மலை 1920களின் தொடக்கத்தில் ஐரோப்பியர்க்குரிய குளிர்மலை வாசத்தலமாக வளர்க்கப்பட்டது. துரைமார் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீண்ட விடுப்பில் தாயகம் சென்று திரும்பினர். தொழிலாளர்க்கு வாய்த்த பயணம் பெரும்பாலும் திருவிழாப் பயணமே. 1892ஆம் ஆண்டுமுதல் பத்துமலையில் நடந்துவரும் தைப்பூசம் அவற்றுள் தலையாயது. அது பக்திப் பயணம், கூட்டுப் பயணம். அதனால் மனம் தழைத்தது உண்மை. எனினும் இருவர் மட்டும் தமக்கென்று போய்வரும் பயணம் அதுவன்று.

இந்நிலையில்தான் 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டார வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. ஆர். எச். நாதன் முன்னின்ற அப்போராட்டத்தைக் கூலி உயர்வுப் போராட்டம் என்று மட்டும் மாணவர்க்குக் கற்பித்தல் போதாது. கோரிக்கைப் பட்டியலை உற்று நோக்குவோமாயின், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பதும், பத்துமணி, பன்னிரண்டுமணி வேலைநாள் ஒழிய வேண்டும் என்பதும், துரையையோ கிராணியையோ கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கியாக வேண்டும் என்ற வழக்கம் நீங்க வேண்டும் என்பதும் அதில் இருக்கக் காண்கிறோம். தன் மிதிவண்டியில் தலைநிமிர்ந்து சாலையில் செல்ல முடியாதவன் கடற்கரைக்குச் செல்வது எவ்வாறு? நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டுப் போராட்டம் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது. எனினும் எழுப்பிய வினா அடங்கவில்லை.

போருக்குப் பின்னும் வழி உடனே திறந்துவிடவில்லை. 1945 செப்டம்பர் 9ஆம் நாள் மோரிப் கடற்கரையில் பிரித்தானியப் படை வந்திறங்கியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டக் குடியிருப்புகள் பல ஒருங்கே தொகுக்கப்பட்டு, வேலியிடப்பட்டன. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நடமாட்டத்தைக் குறுக்கின. அந்நாள்களுக்கிடையிலேதான் 1954ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1955ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1957இல் நடைமுறைக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வைச் சட்டப்படி நிலைநாட்டியது. பிற்காலத் திருத்தங்களுக்குப் பின், ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு ஈராண்டுக்குட்பட்ட பணிக்கு 8 நாளும், ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குட்பட்ட பணிக்கு 12 நாளும், அதற்கு மேற்பட்ட பணிக்கு 16 நாளும் குறையாது அளிக்கப்பட வேண்டும் என்பது இன்றைய நிலை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. பிரான்சில் 1936ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர்க்கு இரண்டு வார ஊதிய விடுப்பை வழங்கியது. பலர் முதன்முறையாகக் கடலைக் கண்டது அக்கோடையில்தான். மெக்சிகோவின் 1917ஆம் ஆண்டு அரசியலமைப்பு எட்டுமணி வேலைநாளையும் ஆறு நாள் வேலைக்கு ஒரு நாள் ஓய்வையும் உறுதி செய்தது. அந்நாட்டின் பசிபிக் கரையிலுள்ள சாயுலித்தா, மீனவச் சிற்றூராக இருந்து, அலைச்சறுக்கு விளையாடுவோரும் இணையர்களும் நாடும் ஊராக மாறியது. ஆனால் மெக்சிகோவில் ஓராண்டு பணி முடித்தவர்க்குச் சட்டம் தந்த விடுப்பு நெடுங்காலம் 6 நாள் மட்டுமே. அது 12 நாளாக உயர்ந்தது 2023 ஜனவரி 1ஆம் நாளில். அதே நாளில்தான் மலேசியாவில் வார வேலைநேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. பெருங்கடலால் பிரிக்கப்பட்ட இரு நாடுகளில், ஓய்வின் எல்லை ஒரே நாளில் சற்று விரிந்தது.

நம் சிலாங்கூர்க் கரையில் அலைச்சறுக்கு இல்லை. சுமத்திரா பெருங்கடல் அலைகளைத் தடுத்து நிற்பதால், இங்கே சேற்றுப் பரப்பும் அலையாத்திக் காடுமே மிகுதி. உயர்ந்த அலையை வேண்டுவோர் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கரையின் செராத்திங்கை நாட வேண்டும். ஆயினும் மோரிப்பும் போர்ட்டிக்சனுமே தோட்டத்து மக்களின் முதல் உல்லாசக் கடற்கரைகளாயின. வாடகைப் பேருந்திலும் லாரியிலும் குடும்பம் குடும்பமாய்ச் சென்று, கட்டுச்சோறு உண்டு, அந்தி சாயுமுன் திரும்பினர். கணவனும் மனைவியும் தனித்துச் சென்று தங்கும் வழக்கம் அதற்கும் பிந்தியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறியபின், ரவாங் போன்ற நகர்களில் மாதச் சம்பளத்தோடு வாழத் தொடங்கிய தலைமுறைக்கே அது வாய்த்தது. லயத்தை இழந்த துயரும் தனிமையைப் பெற்ற நலமும் ஒருசேர வந்தன என்பது இவ்வரலாற்றின் முரண்.

இன்று நம் தோட்டங்களில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளரே பணியாற்றுகின்றனர். அவர்களுள் பலர்க்கும் கடல் என்பது துணையை அக்கரையில் விட்டு வந்த வழியாகவே இருக்கிறது. நம் பாட்டனார் அனுபவித்த இரங்கலை மற்றொருவர் இன்று அனுபவிக்கிறார் என்பதை உணர்தல் நம் கடமை.

ஆசிரியப் பெருமக்கள் இதனை வகுப்பறைக்குக் கொண்டு செல்லலாம். "கரை சேர்ந்த பின்னர், நீங்கள் இன்பத்திற்காக முதன்முதலில் கடலைக் கண்டது எப்போது? உடன் வந்தவர் யார்? அன்று கூலி கிடைத்ததா?" என்று தம் குடும்பத்து முதியோரைக் கேட்டு எழுதிவருமாறு மாணவரைப் பணிக்கலாம். லயத்தில் பிறந்தவர்களாயின், கரை சேர்ந்த கதைக்கு மாறாகத் தோட்டத்தை விட்டு முதன்முதல் வெளியே சென்ற கதையைக் கேட்கலாம். அவ்விடைகள் எந்தப் பாடநூலிலும் இல்லை. அவற்றைச் சொல்லக்கூடியோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும்.