நூலகத்துக் கொலைக் கதைகள்

1942இல் அகதா கிறிஸ்டி நூலகத்தில் பிணத்தைக் கிடத்தினார். அது கர்னல் பான்ட்ரி என்பாரின் மாளிகைக்குள் அமைந்த சொந்த நூலகம். ஊரார் அனைவரும் நுழையும் பொது நூலகம் இத்தகைய கதைக்கு நிலைத்த களமானது பின்னாளில்தான். முன்னாள் நூலகரான அமெரிக்க எழுத்தாளர் ஜோ டெரெஸ்கி, 1994இல் மிஸ் ஜூகாஸ் என்னும் நூலகரைப் படைத்தார். வாஷிங்டன் மாநிலத்துக் கற்பனை ஊரொன்றில், புதின அடுக்குகளிடையே பிணம் கிடக்கிறது. மிஸ் ஜூகாஸ் துப்புத் துலக்குகிறார். இரத்தம் பெருகாமல், பூனையும் தேநீருமாய் நகரும் இவ்வகை நாவல்களை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

எவர் எந்நூலை எடுத்துச் சென்றார் என்பதை அறிந்தவர் நூலகர். துப்பறிவோருக்கு அது புதையலன்றோ! ஆயினும் வாசகரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டுமென அமெரிக்க நூலகச் சங்கம் 1939இலேயே நெறி வகுத்துவிட்டது. கதையில் கொலையாளியைப் பிடிக்க நூலகர் ஏட்டைப் புரட்டினால் நாம் மகிழ்கிறோம். 2005இல் கனெக்டிகட் மாநிலத்தில், நூலகக் கணினியைப் பயன்படுத்தியவர் பற்றிய விவரத்தை மத்தியப் புலனாய்வுத் துறை கேட்டது. நூலகர் நால்வர் மறுத்து வழக்காடினர். அதுபற்றி வெளியே பேசவும் அவர்களுக்குத் தடை. அத்தடை 2006இல்தான் நீங்கியது; விவரம் கேட்ட ஆணையும் அவ்வாண்டே கைவிடப்பட்டது.